எதிர்க்காற்றுக்கு ஒரு கணக்கு!

குற்றாலத்தில் சீசன் நேரம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் தென்காசியில் ஓர் ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தூரத்துச் சொந்தம். எண்பதைத் தாண்டிய வயசு. பேரன் லண்டனில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் வேலையாக அடிக்கடி நியூயார்க் போய் வருவான். ஏறும்போது ஒரு போன், இறங்கியதும் ஒரு போன் ஆச்சிக்கு வந்தாக வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம்.

காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஆச்சி திடீரென்று கேட்டார்.

“ஏய்யா, நீதான் பத்திரிகைல எழுதுதியே, ஒண்ணு சொல்லு. நியூயார்க்குக்குப் போகும்போது எட்டு மணி நேரம் ஆவுதுங்கான். திரும்பி வாரதுக்கு ஏழுகூட ஆவலையாம். அதே பிளேன், அதே வழி. பய எங்கயும் சுத்திட்டு நம்மகிட்ட பொய் சொல்லுதானோ?”

பேரனைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்ன செய்தேன் தெரியுமா? சாயங்காலம் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன்.

தென்காசிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிற சீசன் காற்று, அந்தக் கோயிலின் ராஜகோபுர வாசலில் ஒரு விளையாட்டுக் காட்டும். உள்ளே நுழைகிறீர்களா? பாதி வாசல் வரை முகத்தில் அறையும். வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். பாதியைத் தாண்டியதும், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். கால் தானாக வேகமெடுக்கும்.

“ஆச்சி, இந்த முதல் பாதி மாதிரிதான் நியூயார்க் போறது. ரெண்டாவது பாதி மாதிரி திரும்பி வாறது” என்றேன். ஆச்சிக்குப் புரிந்துவிட்டது. பேரன் தப்பித்தான்.

ஆனால், எனக்குள் ஒரு வண்டு நுழைந்துவிட்டது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே கிடப்பது அட்லாண்டிக் கடல். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 5,500 கிலோமீட்டர். நடுவில் நிறுத்தி ‘அண்ணே, நியூயார்க் எப்படிப் போகணும்?’ என்று கேட்க டீக்கடை கிடையாது. பெட்ரோல் பங்க் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு பயணத்துக்கு எப்படித்தான் திட்டம் போடுகிறார்கள்? அந்தத் திட்டம் போடும் வித்தையை மனிதன் எங்கே, என்ன விலை கொடுத்துக் கற்றுக்கொண்டான்?

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

★

முதல் கேள்வி: எந்த வழி?

அட்லஸை விரித்து, ஸ்கேல் வைத்து ஒரு நேர்க்கோடு போட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தப்பு. அட்லஸ் தட்டை. பூமி உருண்டை.

வீட்டில் மங்குஸ்தான் பழம் இருக்கிறதா? குற்றாலம் போனால் வாங்காமலா வருவீர்கள்! பழத்தின் மேல் பாதியில் இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு நூலை எடுத்து இரண்டையும் இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் சற்றே காம்பின் பக்கம் ஏறி இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. லண்டனிலிருந்து கிளம்பும் விமானம் அயர்லாந்தைக் கடந்து, வடக்கே கொஞ்சம் வளைந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கமாக இறங்குவது இதனால்தான்.

இந்த நூல் வித்தையைச் செய்து பார்த்த ஒரு பிரபலஸ்தர் உண்டு. பெயர் சார்லஸ் லிண்ட்பெர்க். தபால் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த 25 வயதுப் பையன். 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு எங்கும் நிற்காமல் பறக்கப்போவதாகச் சொன்னான். அமெரிக்காவின் சான் டியகோ நகரத்து நூலகத்தில் ஒரு பூமி உருண்டை இருந்தது. அதன்மேல் மளிகைக் கடை நூலைப் பிடித்து அளந்தான். சுமார் 3,600 மைல்.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் முக்கியம். மொத்தத் தூரத்தையும் நூறு நூறு மைலாக வெட்டினான். ஒவ்வொரு துண்டுக்கும் திசைகாட்டியை எத்தனை டிகிரி திருப்பவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டான். விமானத்தில் ரேடியோ வேண்டாம், பாராசூட் வேண்டாம் என்று கழித்துக்கட்டினான். மிச்சமான எடைக்கெல்லாம் பெட்ரோல். சுமார் 450 காலன். சாப்பாட்டுக்கு ஐந்து சாண்ட்விச். மே 20 காலை கிளம்பினான். 33 மணி நேரம் 30 நிமிடம் கழித்து, 21-ம் தேதி இரவு பாரிஸில் இறங்கினான். டாங்கில் இன்னும் 85 காலன் மிச்சம் இருந்தது.

நூறு மைல் கணக்கைவிட அந்த 85 காலன் என்னைக் கவர்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு 12 நாட்களுக்கு முன்னால்தான், மே 8-ம் தேதி, நுங்கெஸ்ஸர், கோலி என்ற இரண்டு பிரெஞ்சு வீரர்கள் பாரிஸிலிருந்து நியூயார்க்கை நோக்கிக் கிளம்பியிருந்தார்கள். முதல் உலகப் போர் கண்ட அனுபவசாலிகள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கவனித்தீர்களா? லிண்ட்பெர்க் பறந்தது மேற்கிலிருந்து கிழக்கே. இவர்கள் கிளம்பியது கிழக்கிலிருந்து மேற்கே. கோபுர வாசலின் முதல் பாதி!

அடுத்த வருடம், 1928 ஏப்ரலில், ‘பிரெமென்’ என்ற விமானம் அயர்லாந்திலிருந்து கிளம்பி எதிர்க்காற்றோடு முட்டி மோதி அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. போக நினைத்த இடம் நியூயார்க். போய்ச் சேர்ந்ததோ கனடாக் கரையோரம் கிரீன்லி என்றொரு குட்டித் தீவு. மேற்கே போகும் வழியில் இடைநில்லாமல் அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் விமானம் அது. அதற்கே அந்தக் கதி.

★

இரண்டாவது கேள்வி: என்ன காற்று?

தரையிலிருந்து முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200, 300 கிலோமீட்டர்கூடப் போகும். இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஊயிஷி என்ற ஜப்பானியர். பலூன் பறக்கவிட்டு அளந்து, 1926-ல் அறிக்கை எழுதினார். உலகமே படிக்கட்டும் என்று எஸ்பெரான்டோ என்ற பொது மொழியில் எழுதினார். உலகம் படிக்கவே இல்லை! 1944-ல் ஜப்பான் மேல் குண்டு போடப்போன அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் தடுமாறிய பிறகுதான் ராணுவத்துக்கு உறைத்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் சீசன் காலத்தில், குற்றாலத்தில் சாரல் காற்று மேற்கேயிருந்து வருகிறது இல்லையா? அதே நேரத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி. கீழே ஒரு பக்கம், மேலே மறுபக்கம். தென்காசிக் கோபுரத்தை வானத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி.

சரி, அட்லாண்டிக்குக்கு வருவோம். காற்றுக் கணக்கு தப்பினால் என்ன ஆகும்?

1947 அக்டோபர். ‘பெர்முடா ஸ்கை குவீன்’ என்ற பறக்கும் படகு. தண்ணீரில் இறங்கி ஏறக்கூடிய பெரிய விமானம். அயர்லாந்தின் ஃபாய்ன்ஸிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து தீவின் கேண்டருக்குக் கிளம்பியது. குழந்தைகளும் பெண்களுமாகப் பயணிகள், ஊழியர்களோடு சேர்த்து மொத்தம் 69 பேர். வானிலைக்காரர்கள் சொன்னதைவிட எதிர்க்காற்று பலமாக இருந்தது. என்ஜின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் விமானம் நகரவே மாட்டேன் என்றது. நடு ராத்திரியில், நடுக்கடலில் கேப்டன் பெட்ரோலைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். முன்னால் போனால் கேண்டர் வரை வராது. திரும்பினால் அயர்லாந்து வரை வராது.

கொஞ்சம் அந்த இருக்கையில் உங்களை உட்கார வைத்துப் பாருங்கள்.

நல்லவேளை, அந்தக் காலத்தில் அட்லாண்டிக் நடுவே குறிப்பிட்ட இடங்களில் வானிலைக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சாத காவல்காரர்களைப் போல நின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்று ‘பிப்’ என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல். விமானம் அதைத் தேடித் திரும்பி, அக்டோபர் 14 காலையில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு எழும்பிய அலைகளுக்கு நடுவே கப்பலின் அருகில் கடலில் இறங்கியது. ரப்பர்ப் படகில் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை ஏற்றி, 69 பேரையும் உயிரோடு மீட்டார்கள்.

அன்றைக்கு அந்தக் கப்பல் அங்கே தற்செயலாக நிற்கவில்லை. காற்றைச் சொல்லவும், ஆபத்தில் உதவவும் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு நிறுத்திவைத்திருந்த கப்பல். ‘கணக்கு தப்பினால் என்ன செய்வது?’ என்று யாரோ முன்னாடியே கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் அந்த 69 உயிர்கள்.

★

ஜெட் விமானம் வந்தும் காற்று தன் பிடிவாதத்தை விடவில்லை. 1958 அக்டோபர் 4. பிரிட்டனின் கோமெட் ஜெட்கள் லண்டன் - நியூயார்க் சர்வீஸைத் தொடங்கிய நாள். நியூயார்க்கிலிருந்து வந்த விமானம் நிற்காமல் 6 மணி 11 நிமிடத்தில் லண்டனைத் தொட்டது. லண்டனிலிருந்து போன விமானமோ கேண்டரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு, 10 மணி 22 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஆச்சியின் கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நம் காலத்திலும் 2020 பிப்ரவரியில், ஒரு புயல் காற்றின் முதுகில் ஏறிய ஜம்போ ஜெட், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது.

இந்தக் கடலில் இந்தியா எப்போது இறங்கியது? அதற்கு முன் ஒரு குட்டிக் கதை.

1930-ல், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினியர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, ஆஸ்பி அங்கே ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஜே.ஆர்.டி.யிடம் ஸ்பேர் இருந்தது. போட்டியாளருக்கே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் ஜெயித்தது ஆஸ்பி!

‘தோற்றவர்’ சும்மா இருக்கவில்லை. 1932-ல் கராச்சி - பம்பாய் தபால் விமானம். 1948 ஜூன் 8-ல் கெய்ரோ, ஜெனீவா வழியாகப் பம்பாய் - லண்டன். 1960 மே 14-ல் ஏர் இந்தியாவின் போயிங் 707, லண்டனைத் தாண்டி நியூயார்க்குக்குப் பறந்தது. ஸ்பேர் பிளக்கை மறக்காத மனிதர் கட்டிய கம்பெனி, அட்லாண்டிக்கைத் தாண்டிய கதை இது.

★

மூன்றாவது கேள்வி: எவ்வளவு எண்ணெய்?

இங்கேதான் பி.காம். படித்தவனுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

‘வழியில் தேவைப்படலாம், டாங்கை ரொப்பிக்கொள்’ என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய்க்கும் எடை உண்டு. அந்த எடையைச் சுமக்கவும் எண்ணெய் வேண்டும். ஏழு மணி நேரப் பயணத்தில் பத்து டன் கூடுதலாக ஏற்றினால், அதில் கிட்டத்தட்ட இரண்டு டன் அதைச் சுமப்பதற்கே எரிந்து போகும். தாலுகா ஆபீஸில் ஒரு காரியம் முடிக்க, காரியத்தைவிட பஸ் செலவு அதிகமாகிற மாதிரி.

அதனால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு தலைப்பு எழுதுகிறார்கள். ரன்வே வரை உருளுவதற்கு இவ்வளவு. பயணத்துக்கு இவ்வளவு. கணக்கு தப்பினால் சமாளிக்க, பொதுவாக, பயண எண்ணெயில் ஐந்து சதவீதம். நியூயார்க்கில் இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போக இவ்வளவு. அங்கேயும் வட்டமடிக்க நேர்ந்தால், கடைசிக் கையிருப்பாக முப்பது நிமிடத்துக்கு.

காமர்ஸ் வகுப்பில் ‘வாராக்கடன் ஒதுக்கீடு’ என்று ஒன்று சொல்லித் தருவார்கள். கடன் வாங்கியவன் எல்லாரும் திருப்பித் தருவான் என்று நம்பாதே. வராமல் போகிற பணத்துக்கு லாபத்திலிருந்து இப்போதே ஒரு பங்கை ஒதுக்கி வை. கல்லூரியில் அது எனக்கு ஐந்து மார்க் கேள்வி. அட்லாண்டிக்குக்கு மேலே அது உயிர். லிண்ட்பெர்க்கின் டாங்கில் மிச்சமிருந்த 85 காலன் ஏன் என்னைக் கவர்ந்தது என்று இப்போது புரிகிறதா?

நான்காவது கேள்வி: நடுவில் கோளாறு வந்தால் எங்கே?

இரட்டை என்ஜின் விமானங்களுக்கு ஒரு காலத்தில் கடுமையான விதி இருந்தது. ஒரு என்ஜின் போனாலும் அறுபது நிமிடத்தில் ஏதாவது ஒரு விமான நிலையத்தைத் தொடும் தூரத்திலேயே பறக்கவேண்டும். 1985-ல் அதை 120 நிமிடமாக்கினார்கள். இரட்டை என்ஜின் விமானங்கள் இன்றும் கடலின் ஓரத்து ஊர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டுதான் கிளம்புகின்றன. அயர்லாந்தில் ஷானன், ஐஸ்லாந்தில் கெஃப்லாவிக், கனடாவில் கேண்டர், அஸோர்ஸ் தீவில் லாஜஸ்.

இரண்டு ஊருக்கும் நடுவே, எந்தப் பக்கம் போனாலும் ஒரே நேரம் ஆகும் என்று ஒரு புள்ளியைக் குறிப்பார்கள். அது சரிபாதித் தூரத்தில் இருக்காது. எதிர்க்காற்றில் போகிறபோது, திரும்பினால் காற்று உதவும் அல்லவா? அதனால் அந்தப் புள்ளி பாதியைத் தாண்டி, போகிற ஊர்ப் பக்கம் தள்ளிப்போய்விடும். காற்றுதான் கோடு கிழிக்கிறது.

பாதைகளும் அப்படித்தான். இங்கிலாந்துப் பக்கத்துக் கட்டுப்பாட்டு மையமும் கேண்டர் மையமும் அன்றன்றைய காற்றைப் பார்த்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடலுக்கு மேலே புதிதாகப் பாதை போடுகின்றன. பகலில் மேற்கே போக ஒரு கட்டு. ஏ, பி, சி என்று பெயர். ராத்திரி கிழக்கே வர இன்னொரு கட்டு. இசட், ஒய், எக்ஸ் என்று பின்னாலிருந்து பெயர். மறுநாள் அந்த ரோடு அங்கே இருக்காது. ஆச்சி ‘அதே வழி’ என்றாரே, அதுவும் சரியில்லை!

இத்தனை எழுதி வைப்பது வீண் வேலையா? 2001 ஆகஸ்ட் 24. டொரான்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் டிரான்ஸாட் விமானம். 306 பேர். பொருந்தாத ஒரு பாகத்தை மாட்டியதால் வலது என்ஜினில் எண்ணெய்க் குழாய் உரசிக் கிழிந்தது. எண்ணெய் கொட்டுகிறது என்று பைலட்டுகளுக்கு உடனே பிடிபடவில்லை. நல்ல டாங்கிலிருந்தும் அந்தப் பக்கமே எண்ணெயைத் திருப்பிவிட்டார்கள். முதலில் ஒரு என்ஜின் நின்றது. அப்புறம் இன்னொன்று. கீழே இருட்டுக் கடல். ஆனால், சற்று முன்பே லாஜஸ் பக்கம் திருப்பியிருந்தார்கள். சத்தமே இல்லாமல் சுமார் 19 நிமிடம், 120 கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே போய், அந்தக் குட்டித் தீவில் இறக்கினார்கள். சிலருக்குக் காயம். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் அமெரிக்க வானம் மூடப்பட்டபோது, அட்லாண்டிக்கில் நடுவழியில் இருந்த விமானங்களில் 38 பெரிய விமானங்கள் கேண்டரில் இறங்கின. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் சிற்றூர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தாளிகளுக்குச் சோறு போட்டது.

★

கோயிலை விட்டுக் கிளம்பும்முன், ஆச்சியிடம் இந்த ஊர் ராஜாவைப் பற்றிச் சொன்னேன். 15-ம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு விநோதமான கல்வெட்டை விட்டுப்போயிருக்கிறான். இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது ஒரு பழுது வந்தால், வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும், அவரை நான் இப்போதே பணிகிறேன் என்பது அதன் சாரம்.

எத்தனை ராஜாக்கள் ‘சந்திரர் சூரியர் உள்ளவரை நிற்கும்’ என்று மார்தட்டியிருக்கிறார்கள்! இவன் மட்டும், கட்டும்போதே ‘கெட்டுப்போனால்?’ என்று கேட்டிருக்கிறான். கேட்டது பலித்தது. கோபுரம் சிதைந்து, பல காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலைகளோடு, சுமார் 180 அடி உயரத்துக்கு அதை மறுபடி எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். ராஜா வணங்கிய மனிதர்கள் ஐந்நூறு வருடம் கழித்து வந்தார்கள்.

அட்லாண்டிக்கைத் தாண்டத் திட்டம் போடுகிறவர்களும் ஒவ்வொரு ராத்திரியும் அதைத்தான் செய்கிறார்கள். ‘நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால்?’ என்று தனக்குத்தானே கேட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டுத்தான் விமானத்தைக் கிளப்புகிறார்கள். நாம் கடன் வாங்கும்போது, கடை வைக்கும்போது, பிள்ளைக்குப் படிப்பு பார்க்கும்போது அந்த ஒரு வரியை எழுதுகிறோமா? நான் பல தடவை எழுதியதில்லை. விலையும் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஆச்சியிடம் கேட்டேன். “பேரன் இறங்குற நேரம் ஆகியும் போன் வரலேன்னா என்ன செய்வீங்க?”

ஆச்சி சுவர்க் காலண்டரைக் காட்டினார். ஓரத்தில் பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் மூன்று நம்பர்கள்.

“முதல்ல பேரன் பெஞ்சாதி. அவ எடுக்கலேன்னா அவ அண்ணன். அவனும் எடுக்கலேன்னா கீழ இருக்கே, அது அவன் ஆபீஸ். ராத்திரியும் ஆள் உண்டாம்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆச்சிக்கு யாரும் அட்லாண்டிக் பாடம் நடத்தத் தேவையில்லை.